கொலுவில் ஒரு பிரமிடு

பழைய உலகத்தின் ஏழு அதிசயங்களில் நாலை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தவள் நான். இதைச் சொன்னால் டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறவர்களுக்கு என் அருமை தெரியாது.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் எங்களுக்கு இரண்டே அறை. அதில் பாபிலோனின் தொங்கும் தோட்டம் இருந்தது. அலெக்ஸாண்ட்ரியாவின் கலங்கரை விளக்கம் எரிந்தது. ரோட்ஸ் தீவின் ராட்சதச் சிலை காலை அகட்டிக்கொண்டு நின்றது. எல்லாம் நவராத்திரிக் கொலுவில். கட்டியவன் என் அண்ணன் கிட்டு.

அவனுக்குக் கட்டடப் பைத்தியம் பிடித்தது ஆறு வயதில். கீழ் வீட்டு மராட்டிப் பையன்கள் தீபாவளிக்கு மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டுவார்கள். கில்லா என்பார்கள். அதில் மதில், வாசல், ஏறிப் போகப் படி, படிக்குப் படி களிமண் சிப்பாய்கள். கிட்டு அவர்களோடு சேற்றில் உட்கார்ந்து எழுந்து வந்தால் அம்மா அவனை அப்படியே குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போவாளாம். அந்த வருஷம் அழுது புரண்டு ஒரு சிப்பாய் பொம்மை வாங்கிக்கொண்டான். ஒரு சாண் உயரம்கூட இல்லை. சிவப்புத் தலைப்பாகை, கையில் கத்தி, முகத்தில் முக்கால்வாசி மீசை. மறு வருஷம் அதைக் கொலுவில் வைத்தே ஆகவேண்டும் என்று ஒரே அடம். தசாவதாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மராட்டிச் சிப்பாய் நிற்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கீழ்ப் படியின் ஓரத்தில் இடம் கொடுத்தாள். அதிலிருந்து வருஷா வருஷம் அந்த மூலை அவனுடையது.

முப்பத்தெட்டில் கிட்டுவுக்குப் பதினாறு வயது. அப்பா ஜகந்நாதன் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு பருத்திக் கம்பெனியில் கிளார்க். ஆபீசில் தூக்கிப் போட்ட பழைய காலண்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதில் ஏழு அதிசயங்களும் கலர் படமாக இருந்தன. கிட்டு அதை மூன்று நாள் கீழே வைக்கவில்லை. நாலாம் நாள் அறிவித்தான். இனி ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஓர் அதிசயம். ஏழு வருஷத்தில் ஏழும் முடிந்துவிடும். அம்மா, அம்பாளுக்கு எங்கேடா இடம் என்று மட்டும் கேட்டாள்.

முதல் வருஷம் தொங்கும் தோட்டம். பலகைகளைப் படிப்படியாக அடுக்கி, ஈரத் துணி விரித்துக் கேழ்வரகும் கடுகும் தெளித்தான். மூன்றாம் நாள் பாபிலோன் பச்சைப் பசேல் என்று முளைத்தது. ஏழாம் நாள் தண்ணீர் ஒழுகிக் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்து, அவர்கள் மேலே வந்து கத்தினார்கள். மறு வருஷம் கலங்கரை விளக்கம். காப்பிப் பொடி டின்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, உச்சியில் டார்ச் பல்பு. அதைப் பூனை சாய்த்தது. நாற்பதில் ராட்சதச் சிலை. இரண்டு கால்களுக்கு நடுவே காகிதக் கப்பல் போகும்படி செய்திருந்தான். அதைச் சாய்த்தது என் முழங்கை. கிட்டு என்னை அடிக்கவில்லை. நிஜமான சிலையும் விழுந்துதான் போயிற்று, பூகம்பம் தள்ளியது, இந்த ஆத்துப் பூகம்பத்தின் பெயர் ஷ்யாமளா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது யாராவது திருப்பித் தந்தால் எவ்வளவு பேசுவேன்.

ஏழில் ஆறு அழிந்துவிட்டன, ஒன்றுதான் இன்னும் நிற்கிறது என்பான். அதனால் பிரமிடைக் கடைசியில் கட்டுவதாக அவன் திட்டம்.

நாற்பத்தொன்றில் அவன் பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்தான். துப்பாக்கி தூக்க வேண்டாம், பேனா தூக்கினால் போதும் என்று அம்மாவைச் சமாதானம் செய்துவிட்டுக் கப்பல் ஏறினான். போய்ச் சேர்ந்தது எகிப்து. அங்கிருந்து எனக்கு ஒரு படக் கார்டு வந்தது. முன்பக்கம் பிரமிடு, பின்பக்கம் அவன் கோழிக்கிறுக்கல். ‘நேரிலேயே பார்த்துவிட்டேன். படத்தில் இருப்பது போல இல்லை. நான் வந்து கட்டுகிறேன். அதுவரை நீ கை வைக்காதே, பூகம்பமே.’

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தந்தி வந்தது. சண்டையில்கூட இல்லை. டைபாய்டு. பின்னாலேயே ஒரு கடிதம் வந்தது, அவரவர் மத முறைப்படி ஈமக் கடன் செய்யப்பட்டது என்று. அப்பா அதைத் தமிழில் படித்துச் சொன்னார். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “யாரு கொள்ளி வெச்சா?” கடிதத்தில் அது இல்லை. சாம்பலும் வரவில்லை.

அதற்கப்புறம் அம்மா அவன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம். நாங்கள் சொன்னால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பாலைவனத்தில் ராத்திரி கடுங்குளிர் அடிக்கும் என்று அப்பா எப்போதோ பேப்பரில் படித்ததைச் சொல்லியிருந்தார். அந்த மார்கழியிலிருந்து அம்மா போர்வையைத் தொடவில்லை. வெறும் பாயில் முடங்கிக்கொள்வாள். கேட்டால், பம்பாயில் என்ன பெரிய குளிர் என்பாள். அவள் ஒரு தடவை அவன் பெயரைச் சொல்லி அழுதுவிட்டால் போதும் என்று அப்பா சொல்வார். நானும் சாமியிடம் வேறு எதையும் கேட்பதை விட்டுவிட்டு அதை மட்டும் கேட்டேன். கொலுப் பெட்டி பரண் மேல் ஏறியது, இறங்கவில்லை.

நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்தது. குண்டு போடுகிற விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமல் இருக்க ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைக் கிழிக்கலாம் என்றார்கள். நாற்காலி போட்டு ஏறிக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் பரணிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன். மூன்று மழைக்காலம் ஒழுகி, பெட்டியின் அடித் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது.

தாராவியில் தகரப் பெட்டி செய்கிறவர்கள் இருந்தார்கள். அப்பா அங்கிருந்து சுயம்பு என்பவரை அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வயதிருக்கும், இடது கையில் ஒரு விரல் பாதிதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடியை முழுசாக மாற்றவேண்டும், பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள் என்றார்.

பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அம்மா கதவருகில் நின்றாள். எல்லாவற்றையும் அரிசிக் கூடையில் போட்டு மூடி வை என்றாள். அப்போது எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் தானாகப் பேசியது.

“வெளிய எடுத்த பொம்மையைக் கொலு வெக்காம திரும்ப உள்ள வெக்கப்படாதும்மா. சாஸ்திரம்.”

அப்படி ஒரு சாஸ்திரமும் கிடையாது. என் சொந்தச் சரக்கு. அம்மா என்னையே பார்த்தாள். பக்கத்திலிருந்த அப்பா, நல்ல மனுஷர், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம், நானும் கேட்டிருக்கேன் என்றார். ஆயுசிலேயே அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

“மூணு படி,” என்றாள் அம்மா. “சுண்டல் கிண்டல்னு அமர்க்களம் பண்ணாதே. ரேஷன்ல கொண்டக்கடலையே கெடையாது.”

பெட்டியின் நனையாத மூலையில் பழைய புடவைக்குள் அந்தப் படக் கார்டை நான் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற சுயம்பு எட்டிப் பார்த்து, கார்டைக் கையில் வாங்கினார். அம்மா உள்ளே போயிருந்தாள்.

“இத நான் பாத்திருக்கேன் பாப்பா,” என்றார். “பட்டாளத்துல மூட்டை தூக்கப் போனவன்தான நானும். ஒரு நாயித்துக்கிழம லாரில ஏத்திக் கூட்டிட்டுப் போனாவ.”

எப்படி இருக்கும் என்று கேட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் சரிவாக, வழவழவென்று இருக்கும், கிட்டப் போனால் அத்தனையும் படி என்றார். ஒவ்வொரு கல்லும் நெஞ்சு உயரம். கொலுப் படி மாதிரி அடுக்கி அடுக்கிப் போகும், உச்சிக்குப் போகிறதுக்குள்ள முழங்கால் கழண்டுவிடும். படத்தில் இருப்பது போல இல்லை என்று கிட்டு எழுதியது இதைத்தான் என்று புரிந்தது.

ஊர் எப்படி என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார்.

“பகல்ல மணலு காலப் பொசுக்கிரும். ராவுல பல்லு கிட்டிரும் பாப்பா. மூணு கம்பளி போத்துனாலும் நடுக்கம் நிக்காது. கல்லு மணலு எல்லாம் ஐஸாக் கெடக்கும்.”

என் அண்ணன் அங்கே போனவன்தான், திரும்பவில்லை என்று சொன்னேன். அவர் கார்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிரமிடுக்குள்ளே என்ன இருக்கிறது, உள்ளே போனீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் கல்லுதான் என்றார். பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். கை வைக்காதே என்றான். வைக்கத்தான் போகிறேன். வந்து கேட்கட்டும்.

அப்பா ஆபீசிலிருந்து அட்டைப் பெட்டிகள் கொண்டு வந்தார். அவற்றைச் சதுரப் பட்டைகளாக வெட்டி, ஒன்றைவிட ஒன்று சின்னதாக அடுக்கினேன். மொத்தம் இருபத்தோரு படி. உள்பக்கம் ஜன்னலில் கிழித்த கறுப்புக் காகிதத்தை ஒட்டினேன். வெளிப்பக்கத்துக்கு மாஹிம் கடற்கரையிலிருந்து மணல். ஒட்டப் பசை போதவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் மைதா கேட்டேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா பேசாமல் மைதாவில் தண்ணீர் விட்டுக் காய்ச்சினாள். கட்டி தட்டாமல் கிளறி, கிண்ணத்தில் ஊற்றி, என் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உட்கார்ந்து, நான் பசை தடவிய இடத்தில் பிடி மணலை எடுத்துத் தூவினாள். கோலம் போடுகிற கை. ஒரு பொட்டு சிந்தவில்லை. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

மகாளய அமாவாசை அன்று கொலு வைத்தோம். மூன்று படி. மேலே கலசம், நடுவில் தசாவதாரம், கீழே செட்டியார், மரப்பாச்சி ராஜா ராணி, ஓரத்தில் கிட்டுவின் சிப்பாய். படிக்குப் பக்கத்தில் தரையில் மணல் பரப்பி, என் முழங்கால் உயரத்துக்குப் பிரமிடு. சாயங்கால வெயில் பட்டபோது நிஜமாகவே பொன் நிறமாக ஜொலித்தது. கிட்டுவின் மூன்றையும் தோற்கடித்துவிட்டேன் என்று ஒரு கர்வம். பார்க்க அவன்தான் இல்லை.

கூட்டம் வந்தது. மாட்டுங்காவில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டுக் கொலு என்றால் கிட்டுவின் அதிசயங்கள்தான். நாலாவது வந்தாச்சா என்று படியேறும்போதே கேட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் குங்குமம் கொடுத்தாள். யாராவது அவன் பெயரை எடுத்தால் மட்டும் வெற்றிலைத் தட்டை எடுக்க உள்ளே போய்விட்டாள். ஆனாலும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஆறாம் நாள் செம்பூரிலிருந்து விஜயலக்ஷ்மி மாமி வந்தாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. விஷமம் பிடித்தவள் இல்லை. மனசில் தோன்றுவது வாய்க்கு வர அவளுக்கு நடுவில் ஸ்டேஷனே கிடையாது, அவ்வளவுதான். ஒரு பாட்டுப் பாடினாள். ஒரு பிடி பயறில் ஒப்பேற்றிய சுண்டலை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிரமிடைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“அபயா, தப்பா எடுத்துக்காதே. இது செத்துப்போன ராஜாவை உள்ள வெச்சு மூடறதுக்குக் கட்டினதோன்னோ? சமாதியைக் கொண்டுவந்து அம்பாள் பக்கத்துல வெச்சிருக்கேளே.”

கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள். மாமிக்கே தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சுண்டல் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கால்களைத்தான் பார்த்தேன். அசையாமல் நின்றன. பிறகு வழக்கம் போல ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுத்து அனுப்பினாள்.

எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதுதான் வெட்கக்கேடு. மெட்ரிக் பரீட்சையில் பிரமிடு பற்றிக் கேள்வி வந்தது. அரசர்களின் கல்லறை என்று முதல் வரியிலேயே எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனால் அதை எழுதியது இங்கிலீஷில், பள்ளிக்கூடத்தில். கொலு வைத்தது வீட்டில். இரண்டும் என் மண்டைக்குள் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்பாவும் அதையேதான் சொன்னார். தெரியும், தோணலை. பிள்ளையைச் சாம்பலாகக்கூடப் பார்க்காத ஒரு தாயின் கையால் அவன் செத்த ஊரின் சமாதிக்கு மணல் தூவ வைத்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கதவைச் சாத்தியதும் இன்னொரு சிக்கல் முளைத்தது. கொலுவில் சமாதி இருக்கக் கூடாது. வைத்த கொலுவிலிருந்து விஜயதசமி முடியும்வரை எதையும் எடுக்கவும் கூடாது. இது என் சரக்கு இல்லை, நிஜமான வழக்கம், எல்லா வீட்டிலும் உண்டு. வைத்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சாஸ்திரிகளைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எனக்கு அதுவரை பொறுமை இல்லை. எந்தக் குற்றமானாலும் என் தலையில் விழட்டும் என்று குனிந்து பிரமிடின் அடியில் கை கொடுத்தேன்.

“கையை எடு,” என்றாள் அம்மா.

கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“வெச்சதை எடுக்கப்படாது. நீதானே சாஸ்திரம் சொல்றவ?”

என் பொய் அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மிச்ச நாட்களில் அம்மா ஒரு வார்த்தையும் அது பற்றிப் பேசவில்லை. பூஜை முடிந்ததும் கொலுவுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அம்பாளைப் பார்க்கிறாளா, அதைப் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, பரண் மேல் பெட்டி ஏறினால் இனி இறங்கவே இறங்காது என்று நினைத்தேன். சரஸ்வதி பூஜை அன்று திடீரென்று கேட்டாள்.

“உள்ள வெத்தாத்தான் இருக்கா?”

ஆமாம், வெறும் அட்டைதான், அலுங்காமல் தூக்கலாம் என்றேன். தலையை ஆட்டினாள்.

விஜயதசமி அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரத்தி எடுத்தோம். எங்கள் வீட்டில் ஆரத்தி ஆனதும் ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். ஒன்று படுத்தால் கொலு முழுக்கத் தூங்கியதாக அர்த்தம், மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கலாம். எப்போதும் படுப்பது மரப்பாச்சி ராஜாதான். அவன் படுத்துப் படுத்து முதுகில் சாயம் போயிருந்தது.

அம்மா குனிந்தாள். ராஜாவைத் தாண்டிக் கை போயிற்று. ஓரத்திலிருந்த சிப்பாயை எடுத்தாள். தலைப்பாகையில் இருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தாம்பூலத்துக்கு வைத்திருந்த மஞ்சள் ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து இரண்டாக மடித்தாள். பிரமிடு அருகே உட்கார்ந்து, ஒரு கையால் அதை மெல்லத் தூக்கி, மணலில் துணியை விரித்து, அதன் மேல் சிப்பாயைப் படுக்க வைத்தாள். தலைப் பக்கம் கொஞ்சம் மணலைக் குவித்து உயர்த்தினாள். சின்னக் குழந்தைக்குத் தலையணை வைப்பது போலத்தான் செய்தாள்.

“தூங்குடா கிட்டு,” என்றாள். “ரொம்ப தூரம் போய்ட்டே.”

பிரமிடை அவன் மேல் இறக்கினாள். அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கிட்டு, கிட்டு என்று அழ ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். மங்கலமா அமங்கலமா என்று அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சுயம்பு பெட்டியோடு வந்தார். புது அடி, புது நாதாங்கி. பொம்மைகளைத் துணியில் சுற்றி அடுக்கினோம். பிரமிடு அதில் போகவில்லை. சுயம்பு அளந்து பார்த்துவிட்டு, அட்டைதானே, மடக்கி வைக்கலாமே என்றார். அம்மா வேண்டாம் என்றாள். இதற்கென்று தனியாக ஒரு பெட்டி செய்யச் சொன்னாள், மடக்காமல் உட்காரும்படி. சரி என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவு எடுத்தார்.

அம்மா அவருக்குக் காப்பி கலக்க உள்ளே போனாள். நான் காத்திருந்தது அதற்குத்தான். உள்ளே ஒன்றும் இல்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று பிடித்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் செய்தே இருக்கமாட்டேனே, ஊர் முன்னால் எங்களுக்கு அந்த நிலைமை வந்திருக்குமா என்று கத்தாத குறைதான். அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். உள்ள போனேன் பாப்பா, ஒரு கல்தொட்டி கெடந்துது, செத்தவனுக்குன்னு சொன்னாவ. அண்ணன் போயிட்டான்னு நீ சொன்ன பொறவு அத எப்படிச் சொல்லுதது என்றார்.

அம்மா டம்ளரைக் கொண்டு வந்து வைத்தாள். உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்ப்பா, நீ அந்த ஊர்ல இருந்தியாமே. என் பிள்ளை கிட்டு அங்கதான் இருக்கான். ராத்திரியில அங்க ரொம்பக் குளிருமோ?”

சுயம்பு டம்ளரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“குளிரா? இல்லம்மா,” என்றார். “பகல்ல வாங்குன சூட்ட மணலு விடாதுல்லா. ராவு பூரா கதகதன்னுதான் கெடக்கும். நல்லாத் தூங்கலாம்.”

“அப்போ சரி,” என்றாள் அம்மா.

அந்த மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை எழுந்து பார்த்தேன். அம்மா பழைய சிவப்புப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.